குச்சிக்கிழங்குக் காட்டில் டேப் பிடித்தவர்

இது நடந்தது. சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைக்குப் போகிற ரோட்டில், மலை ஏறுவதற்கு முன்னால், ராணியம்மாள் காடு எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அந்தக் காட்டுக் கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். மேலே இருக்கிற எண்ணைக் கோடு போட்டு அடித்திருக்கும். அடித்த எண்தான் சரியான எண். அதை எழுதியவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். பெயர் கேத்தரின்.

பகலில் போங்கள் என்று சொல்ல மாட்டேன். இது பகலில்தான் நடந்தது.

கேத்தரினுக்கு முப்பத்து நாலு வயது. குடிநீர்க் குழாய் பதிக்கிற ஒப்பந்தக்காரரிடம் சர்வே வேலை. பொக்லைன் வருவதற்கு முன்னால் அவள் போகவேண்டும். குழாய் போகிற வழியில் இருக்கிற எல்லைக் கற்களைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். முள்ளை வெட்டி, கல்லின் தலையில் சுண்ணாம்பு அடித்து, சுற்றி நாலு சவுக்குக் கொம்பு நட்டு, சிவப்பும் வெள்ளையுமான நாடாவைக் கட்டவேண்டும். அதோடு முடியாது. நாடாவைப் பார்த்த பிறகும் இடிக்கிற டிரைவர்கள் உண்டு. அதனால் பக்கத்தில் நகராத பொருள் ஏதாவது ஒன்றைப் பார்ப்பாள். கிணற்றுச் சுவர், கரண்டு கம்பம், பாலம், எதுவானாலும் சரி. அங்கிருந்து கல் எத்தனை மீட்டர் என்று அளந்து, அதன்மேலேயே பெயிண்டில் எழுதிவைப்பாள். கல் போனாலும் அளவு நிற்கும். அந்த அளவுக்குச் சாட்சி என்று பெயர் வைத்திருந்தாள்.

அவளுடைய கணவன் அந்தோணி பிரகாஷ் அந்த வருஷத் தொடக்கத்தில் இறந்துபோனான். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று வரிசையாக நின்ற வண்டிகள் மேல் ஏறியது. அவன் பைக் நடுவில் இருந்தது. அடக்கத்தன்று ஊரே அழுதது. கேத்தரின் அழவில்லை. பெட்டிக்கும் பீடத்துக்கும் நடுவில் எத்தனை மீட்டர் இருக்கும் என்று அவள் கண் தானாக அளந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகும் அழவில்லை. பசித்தால் சாப்பிட்டாள். தூக்கம் வந்தால் தூங்கினாள். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. மாமியார் ஞானமேரிதான் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். நாற்பதாம் நாள் முடிந்ததும் கேத்தரின் வேலைக்குத் திரும்பினாள்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே அந்தக் காட்டைவிட்டு ஓடியிருப்பார்கள். அவள் ஓடவில்லை. தைரியம் அல்ல. பயம் வரவேண்டிய இடம் மரத்துக் கிடந்தது.

ராணியம்மாள் காட்டின் மூலையில் இருந்தது சாதாரணக் கல் இல்லை. மூன்று ஊர்களின் எல்லை அந்த ஒரு கல்லில் வந்து சேர்ந்தது. முக்கூட்டுக் கல் என்பார்கள். அது நகர்ந்தால் மூன்று ஊர்க் கணக்கும் நகரும். குழாய்க்குத் தோண்டுகிற கால்வாய் அந்தக் கல்லுக்கு மிகப் பக்கத்தில் போவதாக வரைபடத்தில் இருந்தது. சைட் சூப்பர்வைசர் குப்புராஜ் அவளிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார். மற்ற கல் எப்படியானாலும் இது ஆடக் கூடாது, அளவர் ஆபீசிலிருந்து நேரில் வந்து பார்ப்பார்கள் என்றார்.

கல்லுக்கும் கிணற்றுக்கும் நடுவில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெரியாது. கேத்தரின் தன் உதவிக்கு இருந்த மாரியப்பனிடம் டேப்பின் நுனியைக் கொடுத்து அனுப்பினாள். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். பேச்சு அதிகம், வேலை சுத்தம். அவர் நுனி வளையத்தை இழுத்துக்கொண்டு செடி வரிசைக்குள் புகுந்து கல்லிடம் போனார். அவள் சுருளோடு கிணற்றடிக்கு வந்தாள்.

ஒருவரை ஒருவர் பார்க்கமுடியாத இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்லில் வளையத்தை வைத்துப் பிடித்ததும், பிடிக்கிற ஆள் டேப்பை இரண்டு முறை சுண்டி இழுப்பார். இந்தப் பக்கம் இருக்கிறவர் அளவைப் பார்த்துவிட்டு, ‘சரி, விடுங்க’ என்று குரல் கொடுப்பார். அவ்வளவுதான்.

நல்ல வெயில். உச்சி வேளை. டேப் தளர்ந்து தரையில் கிடந்தது. பிறகு மெல்ல எழுந்து விறைத்தது.

சுண்டல். ஒன்று… இரண்டு.

அவள் பார்த்தாள். இருபத்து மூன்று மீட்டர் அறுபத்து நாலு. கிணற்றுச் சுவரில் எழுதினாள். குரல் கொடுக்க வாயைத் திறந்தபோது ரோட்டுப் பக்கத்திலிருந்து மாரியப்பன் ஓடி வருவது தெரிந்தது.

கல்லடிக்குப் போனதும் மகளிடமிருந்து போன் வந்தது என்றார். பிள்ளைப்பேறுக்கு நாள் நெருங்கியிருந்தது. அங்கே சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் வளையத்தைக் கல் பக்கத்தில் போட்டுவிட்டு ரோட்டுக்குப் போய்விட்டாராம்.

“நான் இன்னும் புடிக்கவே இல்லீங்க மேடம்,” என்றார். “இப்ப போயிப் புடிக்கட்டுங்களா?”

கேத்தரின் டேப்பைப் பார்த்தாள். அது தரையில் தளர்ந்து கிடந்தது. எப்போது விழுந்தது என்று கவனிக்கவில்லை.

போய்ப் பிடிக்கச் சொன்னாள். மறுபடி இரண்டு சுண்டல். இந்த முறை இருபத்தொன்று பத்து. மேலே எழுதியதை அடித்துவிட்டுக் கீழே இதை எழுதினாள். வளையம் ஏதோ தண்டில் மாட்டியிருக்கும் என்று நினைத்தாள். தண்டு இரண்டு முறை சுண்டாது என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்தது, போனது. சோற்றில் உப்பு மாதிரி.

கல்லைச் சுற்றிக் கொம்பு நட்டு நாடா கட்டிவிட்டு அன்று திரும்பும்போது ராணியம்மாள் மோர் குடிக்கக் கூப்பிட்டாள். காட்டிலேயே ஒரு கொட்டாய் போட்டுக்கொண்டு, ஒற்றை மாட்டோடு தனியாக இருக்கிறவள். கிணறுதான் அவளுடைய கவலை எல்லாம். முக்கூட்டுக் கல்லிலிருந்து கோடு இழுத்தால் அது கிணற்றின் நடுவே போகிறது. பாதி என்னுடையது என்று மேற்குக் காட்டுக்காரர் மோட்டார் வைக்க விடாமல் நிறுத்தியிருந்தார். கிணற்றில் தண்ணீர் கிடக்க, அவள் ரோட்டுக் குழாயிலிருந்து குடத்தில் சுமந்து மாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். இருக்கிற கல்லும் போய்விட்டால் அந்தப் பாதியும் போய்விடும் என்று பயந்தாள்.

கேத்தரின், கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தாள். டம்ளரை வாங்கும்போது ராணியம்மாள் சாதாரணமாக ஒன்று சொன்னாள்.

“உச்சி வேளையில மட்டும் அந்தக் கல்லாண்ட நிக்காத கண்ணு. அளக்கறாங்க.”

“யாருங்கம்மா?”

“யாருன்னு கண்டேன்? எண்ணு சொல்றது கேக்கும். எங்க மாமனார் காலத்துலயே கேக்கும்னு சொல்லுவாங்க. ஒண்ணும் பண்ணாது. குறுக்க போகாம இருந்தா சரி.”

மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற குரல்தான் அது.

மறுநாள் கேத்தரினுக்கு வேறு பக்கத்தில் வேலை. பொக்லைன் அன்றுதான் அந்தக் காட்டுக்கு வந்தது. ஓட்டியவர் அறிவழகன். சின்ன வயசு, ஆனால் நிதானமானவர். நாடா கட்டிய இடத்தில் வாளியைத் தொடவே விடமாட்டார். மாலையில் வேலை முடிந்த இடத்தைப் பார்க்க வந்த கேத்தரின் ரோட்டிலேயே நின்றுவிட்டாள்.

கல்லைக் காணோம். கல் இருந்த இடத்தில் தோண்டிய மண் குன்றாகக் குவிந்திருந்தது.

நாலு கொம்புகள் மட்டும் நின்றன. கல்லைச் சுற்றி இல்லை. அதற்கு இரண்டு மூன்று அடி எடுத்து வைக்கும் தூரத்தில், வெறும் தரையைச் சுற்றி நின்றன. நாடா ஒழுங்காகக் கட்டியிருந்தது. அவள் போடுகிற அதே முடிச்சு.

அறிவழகன் மேல் குப்புராஜ் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். கேத்தரினைப் பார்த்ததும் அறிவழகன் அவளிடம் வந்தார்.

“கொம்பு நட்ட எடத்த நான் தொடவே இல்லீங்க மேடம். காலையில வந்தப்பவே கொம்பு இங்கதான் இருந்துச்சி. மண்ணக் கொட்றதுக்குக் கூட உங்க ஆளு நின்னு எடம் காட்டினாருங்க.”

மாரியப்பன் அன்று அவளோடு இருந்தார். அதை அவள் சொன்னாள்.

அறிவழகன் யோசித்தார். அவர் பார்த்தது மாரியப்பன் இல்லை. தலையில் துண்டு போட்ட ஆள். கொம்புகளுக்குள் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் கொட்டு என்று கையால் காட்டினாராம். வெயில் கண்ணில் அடித்ததால் முகம் தெரியவில்லை. எந்நேரம் என்று குப்புராஜ் கேட்டார். சாப்பாட்டுக்கு இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் என்றார் அறிவழகன்.

மேற்குக் காட்டுக்காரர் வேலைதான் என்று குப்புராஜ் முடிவு கட்டினார். கொம்பைப் பிடுங்கி நட்டு, மண் கொட்ட இடம் காட்ட ஆளும் அனுப்பியிருக்கிறார் என்றார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. தாலுகா அளவர் நாளை மறுநாள் வருவதாக இருந்தது. அதற்குள் கல்லை வெளியே எடுத்துக் காட்டவேண்டும். மண்மேட்டில் எந்த இடத்தில் தோண்டுவது என்று கேத்தரின் அளந்து சொல்லவேண்டும். மிஷின் வைத்தால் கல் உடையும். மண்வெட்டியால்தான் எடுக்கவேண்டும்.

அடுத்த நாள் மாரியப்பன் வரவில்லை. மகளைத் தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காலை முழுக்கக் கேத்தரின் வேறு ஆள் கேட்டுப் பார்த்தாள். அறிவழகன் மட்டும் வருகிறேன் என்றார். ஆனால் மிஷினுக்கு டீசல் வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் வரமுடியும் என்றார். அவள் காத்திருக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள்.

மண்மேட்டின் உச்சியில் ஏறி ஒரு இரும்புக் கம்பியை ஆழமாக அடித்து இறக்கினாள். டேப்பின் வளையத்தை அதில் மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள். உறுதியாக நின்றது. பிறகு சுருளைப் பிரித்துக்கொண்டே குச்சிக்கிழங்கு வரிசைக்குள் நுழைந்து கிணற்றடிக்கு வந்தாள். கம்பி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிந்தால், கல் கம்பிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். சின்னக் கணக்கு.

போனில் நேரம் பார்த்தாள். பன்னிரண்டு பத்து.

காற்று இல்லை. ரோட்டில் வண்டி இல்லை. ராணியம்மாளின் மாடு கொட்டாய் நிழலில் படுத்திருந்தது. அசை போடுவதை நிறுத்தியிருந்தது.

கேத்தரின் டேப்பை இழுத்தாள். விறைத்தது. கிணற்றுச் சுவரில் வைத்து அளவைப் பார்த்தாள்.

இருபத்து மூன்று அறுபத்து நாலு.

இருக்க முடியாது. மண்மேடு அவ்வளவு தூரத்தில் இல்லை. மறுபடி பார்த்தாள். அதே எண்.

அப்போது டேப் சுண்டியது.

ஒன்று… இரண்டு.

அறிவழகன் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. டேப் இடுப்பு உயரத்தில் நின்றது. அவள் சுருளைச் சுவர்மேல் தாழ்வாக வைத்திருந்தாள். இந்த முனை தாழ்வாக இருந்தால் டேப் செடியில் படிந்து கிடக்கவேண்டும். படியவில்லை. ஒரு இலையையும் தொடாமல் வரிசைக்கு நடுவே நேராகப் போனது.

பிறகு டேப் தளர்ந்தது. கொஞ்சம்தான். ஒரு அடி இருக்கும்.

டேப்பைத் தளரவிடக் கூடாது. தொழிலில் சேர்ந்த நாளில் இருந்து கையில் ஏறிய பழக்கம். அவள் கை தானாகச் சுருளின் பிடியைச் சுற்றியது. டேப் விறைத்தது.

மறுபடி தளர்ந்தது.

மறுபடி சுற்றினாள்.

இருபத்து இரண்டு. இருபது. பதினெட்டு.

அவளுக்குப் புரிந்தது. அந்த முனையைப் பிடித்திருப்பவர் நடந்து வருகிறார். டேப்பை விடாமல், தொய்யவிடாமல், இவள் சுற்றுகிற வேகத்துக்குச் சரியாக, குச்சிக்கிழங்குக்குள் நடந்து வருகிறார்.

செடி அசையவில்லை.

காலடிச் சத்தம் இல்லை. சருகு நிறையக் கிடந்தது. இருந்தும் இல்லை.

சுற்றுவதை நிறுத்த நினைத்தாள். கை நிற்கவில்லை.

பதினாலு. பத்து.

சுருளின் பிடி மட்டும் கிர்ர்… கிர்ர்… என்றது.

ஏழு.

நாலு.

முதல் வரிசைச் செடிக்குள் டேப் நுழைகிற இடம் தெரிந்தது. அதற்குப் பின்னால் நிழல். உச்சி வெயிலில் அவ்வளவு நிழல் இருக்கக் கூடாது.

மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

நின்றது.

டேப் விறைப்பாக இருந்தது. அந்தப் பக்கம் ஒரு கை லேசாக நடுங்கினால் எப்படி அதிருமோ, அப்படி அதிர்ந்தது.

“சரியா இருக்குதுங்களா?”

ஆண் குரல். சத்தம் இல்லை. களைத்த குரல். வெகுநேரம் வெயிலில் நின்ற ஆள் கேட்கிற மாதிரி… மரியாதையாகக் கேட்டது.

கேத்தரின் வாய் பதில் சொன்னது.

“சரி. விடுங்க.”

டேப் விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் கேட்கிறவர்கள் யாரும் நம்பாதது. ஓடவில்லை. கத்தவில்லை. மீதி டேப்பைச் சுற்றி எடுத்தாள். இரும்பு வளையம் கைக்கு வந்தபோது, அந்த வெயிலில், அது கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. வரப்பைச் சுற்றிக்கொண்டு மண்மேட்டுக்குப் போனாள். உச்சியில் அவள் அடித்த கம்பி இல்லை.

கம்பி கீழே நின்றது. நாலு கொம்புகளுக்கு நடுவில். வெறும் தரையில்.

பிறகு வேப்ப மர நிழலில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டாள். அறிவழகன் வந்தார். எங்கே தோண்டலாம் என்று கேட்டார். மாரியப்பன் பிடித்த அளவைக் கொண்டு மண்மேட்டில் இடம் காட்டினாள். இரண்டு பேருமாக மண்வெட்டியால் தள்ளினார்கள். மாலைக்குள் கல்லின் தலை தெரிந்தது. உடையவில்லை, சாயவில்லை. குப்புராஜுக்கு நிம்மதி. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது.

வீட்டுக்குப் போகப் பஸ் ஏறினாள். நல்ல கூட்டம். நின்றுகொண்டு வந்தாள். அவளுடைய முந்தானை பக்கத்து சீட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அங்கே உட்கார்ந்திருந்த பெண் அதை விடுவிக்க இழுத்தாள்.

ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு.

அப்போதுதான் பயம் வந்தது. பற்கள் அடித்துக்கொண்டன. கம்பியைப் பிடித்திருந்த கை கழன்றது. கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவள் நடுவழியில் இறங்கி, ரோட்டோரப் பாலத்தின்மேல் உட்கார்ந்து, இருட்டும்வரை நடுங்கிக்கொண்டிருந்தாள். ஞானமேரிக்குச் செய்தி போய், அவள் ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து கூட்டிப்போனாள். மருமகளுக்குக் காய்ச்சல் என்று நினைத்தாள்.

மறுநாள் தாலுகாவிலிருந்து அளவர் சுசித்ரா கருவியோடு வந்தாள். கேத்தரினும் போகவேண்டியிருந்தது. மூன்று ஊர்ப் பக்கமிருந்தும் குறி வைத்துப் பார்த்த சுசித்ரா, கருவியை மறுபடி சரிசெய்து இன்னொரு முறை பார்த்தாள். பிறகு குப்புராஜைக் கூப்பிட்டாள். நீங்கள் பாதுகாத்து வைத்திருக்கிற கல் முக்கூட்டுக் கல்லே இல்லை என்றாள். எந்தக் காலத்திலோ யாரோ கொண்டுவந்து நட்ட கல். உண்மையான இடம் அது இல்லை.

நடந்து போய்க் கொம்புகளுக்குள் நின்றாள். இங்கே தோண்டுங்கள் என்றாள்.

முழங்கால் ஆழத்தில் பழைய கல் கிடைத்தது. நிமிர்ந்தே நின்றது. தலையில் மூன்று ஊருக்கும் மூன்று கோடுகள் செதுக்கியிருந்தன. யாரும் கேட்காமலே கேத்தரின் அறிவழகனிடம் வளையத்தைக் கொடுத்து, கிணற்றடிக்குப் போய் அளந்தாள். சுவரில் அடித்திருந்த எண்ணை அவள் பார்க்கவே தேவைப்படவில்லை; அதேதான்.

புதுக் கோடு கிணற்றைத் தொடாமல் ஒதுங்கிப் போனது. கிணறு முழுவதும் ராணியம்மாளுக்கு. மேற்குக் காட்டுக்காரர் பெரிதாகச் சண்டை போடவில்லை. மூன்று கோடு செதுக்கிய கல்லின் முன்னால் என்ன சொல்ல முடியும்? கால்வாயை வளைத்துக் கொண்டுபோனார்கள். பழைய கல்லைச் சுற்றி சிமெண்ட் மேடை கட்டினார்கள்.

பிறகொரு நாள் கேத்தரின் நடந்ததை மாரியப்பனிடம் மட்டும் சொன்னாள். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் இருந்தவர் கேட்டு வெளிறிப்போனார். மூன்று ஊரிலும் விசாரித்தார். அந்த மூலையில் செத்தவர் யாராவது உண்டா, பாம்பு கடித்தவர், தூக்குப் போட்டவர், அடிபட்டுச் செத்தவர் உண்டா என்று வயசானவர்கள் எல்லாரிடமும் கேட்டார். ஒருவரும் இல்லை. அந்த இடத்தில் யாரும் செத்ததில்லை. கேத்தரினுக்கு அதைக் கேட்டு நிம்மதி வரவில்லை. அப்படியானால் அது யார்?

அவள் சூப்பர்வைசரிடம் கேட்டு அரூர்ப் பக்கத்து வேலைக்கு மாற்றிக்கொண்டாள். அந்தக் காட்டுக்குத் திரும்பப் போகவேயில்லை. நாள் போகப் போக, பஸ்ஸில் வந்த நடுக்கமும் அடங்கிப் பழையபடி மரத்துப்போனது.

அந்தோணி பிரகாஷின் வருஷ நினைவுத் திருப்பலி வந்தது. பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். ஞானமேரி மகனின் கல்லறையைக் கட்டிக்கொண்டு அழுதாள். கேத்தரின் மெழுகுவத்தி ஏற்றிவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். உச்சி வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றும் அவளுக்கு அழுகை வரவில்லை.

அதற்கு மறுநாள் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். ராணியம்மாள். முகம் தெளிந்திருந்தது. மோட்டார் வைத்துவிட்டதாகச் சொன்னாள். இன்னொரு மாடு வாங்கியதைச் சொன்னாள். குச்சிக்கிழங்கை எல்லாம் பிடுங்கி விற்றாயிற்று, இப்போது காடு வெறுமையாகக் கிடக்கிறது என்றாள். பிறகு குரலில் கொஞ்சம் வருத்தம் வந்தது.

“உம்மேல எனக்குக் கோவம் கண்ணு. தெனம் உச்சி வேளைக்கு வர்றே. கொட்டாய் பக்கத்துலதான இருக்குது? ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போனா என்ன?”

கேத்தரினுக்குப் புரியவில்லை. தான் அந்தப் பக்கம் வந்து மாதக் கணக்காகிறது என்றாள்.

ராணியம்மாள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். “போ கண்ணு. வெறுங்காட்டுல மறைவு ஏது? நேத்து கூடப் பாத்தேன். கெணத்தாண்ட நீ டேப்பச் சுத்திக்கிட்டு நின்னே. அவரு கல்லாண்ட நின்னாரு. நான் கூப்புட்டேன். நீ திரும்பிக்கூடப் பாக்கல.”

“எவருங்கம்மா?”

சித்தேரி பஸ் வந்து நின்றது. ராணியம்மாள் பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டமாகப் போய்ப் படியில் ஏறினாள். ஏறியவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

“உன் வூட்டுக்காரருதானே? வேற ஆளுகிட்ட அப்படிச் சிரிச்சிச் சிரிச்சிப் பேசுவியா நீ?”